பதினேழு நாலு

எங்கள் குழுவில் அத்தானை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பதினேழு நாலு என்பார்கள். "பதினேழு நாலு வந்தாச்சா?" "பதினேழு நாலுக்குச் சர்க்கரை வேண்டாம்." புதிதாக வந்த ஒருவர் அது அறை எண் என்று நினைத்து, மாடி முழுக்கக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்.

அது ஒரு பிரிவின் எண். கணினிக்குக் கட்டளை எழுதும் ஒரு நிரல்மொழியில் எது சரி, எது பிழை என்று சொல்ல ஒரு தர ஆவணம் உண்டு. எண்ணூற்று நாற்பது பக்கம். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரை எழுதுகிறவர்கள் இந்த ஆவணத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சண்டை வந்தால் இதைத் திறந்துதான் தீர்ப்பார்கள். சில சமயம் திறந்த பிறகுதான் சண்டை வரும்.

அதில் பதினேழாம் அத்தியாயம் நான்காம் பிரிவை எழுதியவர் அத்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன். ஒரே வாக்கியம்.

'மேற்கண்ட வகைகளைச் சேர்ந்த இரு மதிப்புகளைக் கூட்டும்போது, சிறிய வகை பெரிய வகையாக மாறும்.'

இதனால் அவர் புகழ் பெற்றார். காரணம், மேற்கண்ட வகைகள் எவை என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாக்கியத்துக்கு மேலே பதினாறரை அத்தியாயம் இருந்தது. எண் இருந்தது, சொல் இருந்தது, தேதி இருந்தது, நிறம் இருந்தது. எல்லாமா? சிலவா? இரண்டு தேதிகளில் எது சிறிய வகை? ஒரு கம்பைலர் தேதிகளைக் கூட்டியது. அத்தான் எழுதிய கம்பைலர் கூட்டவில்லை. இரண்டு பேரும் 17.4-ஐத்தான் காட்டினார்கள். 'மேற்கண்ட என்பதன் எல்லைகள்' என்ற தலைப்பில் அத்தான் பதினோரு ஊர்களில் உரையாற்றினார். ஊருக்கு ஊர் எல்லை கொஞ்சம் நகர்ந்தது.

என் அக்காவைக் கட்டிக்கொண்டதால் அவர் எனக்கு அத்தான். நான் அந்த ஆவணத்தின் பதிப்பாசிரியர். பதிப்பாசிரியருக்கு ஓட்டு கிடையாது. கமா உண்டு.

ஆவணத்தின் வரிசை மோசம். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. புதிதாக வந்ததைக் கடைசியில் சேர்த்தார்கள். பக்கத்தில் வெள்ளையாக இடம் கண்டால் அங்கே செருகினார்கள். 'பெயர் என்றால் என்ன' என்பது இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் வரும். அதற்கு முந்தைய இருபத்திரண்டும் கூச்சமில்லாமல் பெயர்களைப் பயன்படுத்தும். முதன்முதலில் நான் இதைப் படித்தபோது ஏழு பக்கங்களில் ஏழு விரல்களைச் செருகிக்கொண்டு படித்தேன். எட்டாவது விரல் தேவைப்பட்டபோது புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

மூன்று வருடம் அடுக்கினேன். சொல்லாத ஒன்றை எங்கும் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் கொள்கை. புது வரிசையில் இரண்டு விரல் போதும். அதில் 17.4 ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போனது. கூட்டல் எண்களின் வேலை, எண்கள் ஒன்பதில் இருந்தன. புது எண் 9.2.

அந்த வருடக் கூட்டம் அத்தான் இருக்கும் ஊரில். ஒரு நூலகத்தின் மூன்றாம் மாடி. நீளமான மேசை, பதினான்கு நாற்காலி, ஒரே ஒரு பிளக். நான் அக்கா வீட்டில் தங்கினேன். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. எல்லோருக்கும் டீச்சர். யார் பேசினாலும் மூன்று நிமிடம். முட்டை வேகவைக்க வாங்கிய டைமரை மேசைமேல் வைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை என் முறை வந்தது.

"வரிசையை மாத்தலாம். அர்த்தத்தை மாத்தக் கூடாது," என்றார் டீச்சர். "ஒரே ஒரு இடத்துல அர்த்தம் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சாலும், மொத்தமும் பழைய வரிசைக்குப் போயிடும். அடுத்த பதிப்பு அஞ்சு வருஷம் கழிச்சுதான். சம்மதமா?"

"சம்மதம்."

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஓட்டு."

அத்தான் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க, பதினேழு நாலு."

"ஒன்பது ரெண்டுன்னு சொல்லிப் பழகுங்க டீச்சர். என் மச்சினி முடிவு பண்ணிட்டாங்க."

மேசை சிரித்தது.

"சிரிக்காதீங்க. என் கம்பைலர் ஒரு நாளைக்கு லட்சம் தடவை '17.4 பார்க்கவும்'னு பிழை காட்டுது. ஜனங்க போய்ப் பார்த்தா அங்க என்ன இருக்கும்?"

"தேதிகளின் வடிவம்," என்றேன்.

"பார்த்தீங்களா? கூட்டலைத் தப்பாப் போட்டவன் போய்க் காலண்டரைப் பார்க்கணும்."

டைமர் அடித்தது. அவர் உட்கார்ந்தார். ஆனால் கூட்டம் முடிந்ததும் புது வரிசையின் பிரதி ஒன்றை முழுவதுமாகக் கட்டித் தூக்கிக்கொண்டார். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் இருந்தது.

"ஒரு இடம் கிடைச்சா போதும்ல?" என்றார் படியில் இறங்கும்போது.

"ஒண்ணு போதும் அத்தான்."

"அப்புறம் அத்தான் இப்படிப் பண்ணிட்டாரேன்னு அக்காகிட்ட அழக் கூடாது."

"கிடைச்சாத்தானே."

புதன்கிழமை உபகுழுக்களின் நாள். எனக்கு வேலையில்லை. அக்கா மருந்துக் கடை வைத்திருக்கிறாள். மதியத்துக்குமேல் உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்தாள். கடைசிச் சரிபார்ப்பை நான் காதால் செய்வேன். ஒருவர் புதியதை வாசிக்க வேண்டும், நான் பழையதைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

"சும்மா வாசி அக்கா. புரியணும்னு அவசியமில்லை."

"டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். இது அச்சுல இருக்கு. கொடு."

சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அக்கா மாத்திரைப் பெயர்களை வாசிக்கும் குரலில் வாசித்தாள். ஒரே வேகம், ஒரே சத்தம். ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

"ஒன்பது ஒண்ணு. எண் வகைகள் மூன்று. சிறு எண், நடு எண், பெரு எண். ஒன்பது ரெண்டு. மேற்கண்ட வகைகளைச் சேர்ந்த இரு மதிப்புகளைக் கூட்டும்போது, சிறிய வகை பெரிய வகையாக மாறும். சரி. சின்னதையும் பெருசையும் கூட்டினா பெருசாயிடும். ஒன்பது மூணு..."

"இரு."

"என்னடி?"

"ஒன்பது ரெண்டுல மேற்கண்டன்னா எது?"

"இந்த மூணும்தான். மேல மூணுதானே இருக்கு?"

நான் பழைய பிரதியில் 17.4-மேல் விரலை வைத்தேன்.

"தப்பா வாசிச்சிட்டேனா?"

"இல்லை. அது உன் புருஷனோட பிரிவு."

அக்கா இன்னொரு முறை படித்தாள். பிறகு தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"இதுக்கா ஊர் ஊராப் போனார்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் சிக்கல். இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் புரியாத வாக்கியம், இடம் மாறியதும் மருந்துக் கடைக்காரருக்கு ஒரே மூச்சில் புரிகிறது என்றால் அதன் அர்த்தம் மாறியிருக்கிறது.

நான் எண்களைத்தான் சரிபார்த்திருந்தேன். 'பிரிவு 12.3 காண்க' என்று எங்கே இருந்தாலும் அது தானாக 'பிரிவு 5.1 காண்க' என்று மாறும்படி ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். ஆறாயிரம் இடம், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் 'மேற்கண்ட' என்ற சொல்லில் எண் இல்லை. என் நிரல் அதைப் பார்த்ததேயில்லை.

கணினியைத் திறந்து தேடினேன். மேற்கண்ட, மேலே, கீழே, முன்னர், பின்னர். இருநூற்றுப் பன்னிரண்டு இடம். அக்கா தட்டுகளை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தான் சுட்டுவதைக் கூடவே அழைத்துக்கொண்டு போனவை இருநூற்றுப் பதினொன்று. ஒன்று மட்டும் தனியாகப் போயிருந்தது.

"இதை மட்டும் பழைய இடத்துலயே விட்டுடேன்," என்றாள் அக்கா.

"பதினேழுக்கு மேலயும் எல்லாம் மாறியிருக்கு. எங்க வெச்சாலும் மேல இருக்கிறது பழையது இல்லை."

"அப்போ எதெதுன்னு பட்டியலா எழுதிடு."

"எதெதுன்னுதான் சண்டையே."

அக்கா கெட்டிலை வைத்தாள்.

"அவர் கண்டுபிடிச்சிருப்பாரா?"

"முழுசையும் படிக்கிறாரே."

"தன்னோடதைப் படிச்சிருக்க மாட்டார். எங்க கல்யாண ஆல்பத்தையே இன்னும் பார்க்கலை. நான்தான் நேர்லயே இருந்தேனேங்கறார்."

ஆறு மணிக்கு அத்தான் வந்தார். தாள்கட்டை மேசைமேல் போட்டார். பென்சில் பாதியாகியிருந்தது.

"நாற்பத்தொண்ணு," என்றார். "நாற்பதும் கமா. ஒண்ணு எழுத்துப்பிழை. அர்த்தம் ஒரு இடத்துலயும் மாறலை. நல்லாப் பண்ணித் தொலைச்சிருக்கே."

"அத்தான்..."

"பயப்படாதே, எதிர்க்க மாட்டேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அதுக்கு விதியில தடை இல்லை."

"ஒன்பது ரெண்டைப் படிச்சீங்களா?"

"அதை எதுக்குப் படிக்கணும்? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"கேட்காமலே சொல்லியிருக்கார்," என்றாள் அக்கா.

பக்கத்தைத் திருப்பி அவர்முன் வைத்தேன். அவர் 9.1-ஐப் படித்தார். 9.2-ஐப் படித்தார். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். பிறகு எழுந்து படுக்கையறைக்குப் போனார். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"மேலே ஏறாதீங்க, அதுக்குக் கால் ஆடுது!" என்று அக்கா ஓடினாள்.

அலமாரிக்குமேல் இருந்த பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கோப்போடு திரும்பி வந்தார். ஆறு தாள். கிளிப் துருப்பிடித்துத் தாளில் தன் வடிவத்தைப் பதித்திருந்தது. முதல் தாளில் அவருடைய இளவயதுக் கையெழுத்து. மூன்று எண் வகைகள். அவற்றின் கீழே அந்த வாக்கியம். ஓரத்தில் எண்: 9.2.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒன்பதுக்குத்தான் எழுதினேன்," என்றார். "அப்போ இருந்த பதிப்பாசிரியருக்கு ஒன்பதாம் அத்தியாயம் ரெண்டு வரி கூடிப்போச்சு. அந்த ரெண்டு வரிக்காகப் புதுசா ஒரு தாள் போடணும். பதினேழுல அரைப் பக்கம் வெள்ளையா இருந்துது. தூக்கி அங்க போட்டுட்டார். அச்சாகி வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போனேன். அடுத்த கூட்டத்துக்குக் கதவைத் திறக்கறேன், ஒருத்தர் எழுந்து வந்து கை கொடுக்கறார். 'மேற்கண்டன்னு ஒரே சொல்லுல மொத்த மொழியையும் அடக்கிட்டீங்களே'ங்கறார். என்ன பண்ணச் சொல்றே?"

"இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

"அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"வருஷத்துக்கு ஒரு கூட்டம்தானே. இருபத்திரண்டு நாள்னு கணக்கு வெச்சுக்கோ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. "பதினோரு ஊர்," என்றாள். "பதினோரு ஊர்! சூட்கேஸ் அடுக்கினவ நான்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தான் சிரிக்கவில்லை.

"இதை நாளைக்குக் காட்டினா உன் வரிசை நிக்கும். அர்த்தம் மாறலை, திரும்பி வந்திருக்குன்னு ஆயிடும். என் மானம் போகும். காட்டலைன்னா?"

"மாறிடுச்சுன்னு நானே எழுந்து சொல்லிடுவேன்."

"மூணு வருஷ வேலை போயிடுமே."

"போகும்."

"யாரும் கவனிக்கலையேம்மா."

"நான் கவனிச்சிட்டேன் அத்தான்."

"நான்தான் கவனிச்சேன்," என்றாள் அக்கா.

அவர் தாள்களைக் கிளிப்புக்குள் சரியாக அதன் துருத்தடத்தில் வைத்து மூடினார். கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுபடி நாற்காலிச் சத்தம்.

சாப்பிடும்போது யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. உப்பைப் பற்றிப் பேசினோம்.

வியாழக்கிழமை பதினோரு மணி. டீச்சர் டைமரைத் திருகினார்.

எழுந்து நின்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தைப் பற்றிச் சொன்னேன். இருநூற்றுப் பதினொன்று பத்திரம், ஒன்று இல்லை என்றேன். அது எது என்றதும் மற்ற பன்னிரண்டு தலைகளும் அத்தான் பக்கம் திரும்பின. அத்தான் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய இடத்துல அது எதைச் சொல்லுதுன்னு தெளிவா இல்லை," என்றேன். "புது இடத்துல மூணு எண் வகையை மட்டும் சொல்லுது. அதனால, மாறியிருக்குன்னுதான் நான் சொல்லணும்."

உட்கார்ந்தேன். என் நேரத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம் மீதியிருந்தது. டைமர் அதுவரை தனியாக ஓடியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"வருத்தமா இருக்கும்மா," என்றார் டீச்சர். பேனாவை எடுத்தார். "அப்படின்னா, விதிப்படி..."

அத்தான் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க, பதினேழு நாலு."

அவர் பையைத் திறந்தார். கிளிப்பின் துரு எனக்கு முதலில் தெரிந்தது. எப்போது மறுபடி நாற்காலியில் ஏறினார் என்று தெரியவில்லை.

"டீச்சர், இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு," என்றார். "சின்னதுதான். இருபத்திரண்டு வருஷம் பழசு."

தாள்களைச் சுற்றுக்கு விட்டார். சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. இரண்டு வரி கூடியதைச் சொன்னார், அரைப் பக்க வெள்ளையைச் சொன்னார், கை கொடுத்ததைச் சொன்னார். பதினோரு ஊரையும் வரிசையாகச் சொன்னார். டைமர் அடித்தது. டீச்சர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. டீச்சராக இருக்கலாம். பிறகு மேசையே ஆடியது. ஒருவர் மூச்சு வாங்க ஜன்னலுக்குப் போனார்.

மூலையிலிருந்த வயதானவர் ஒருவர் எழுந்தார். "அன்னிக்குக் கை கொடுத்தவன் நான்தான்," என்றார். "அது என்ன கணக்குல?"

"திருப்பித் தந்துடறேன்," என்று அத்தான் கையை நீட்டினார்.

எதிர்க் கம்பைலர்காரர் இன்னும் சிரிக்கவில்லை. எனக்கு அவரைத்தான் பயம். தேதிகளைக் கூட்டுவது அவருடைய கம்பைலர்.

"அப்போ தேதியைக் கூட்டற எண்ணூறு வரியையும் நான் எடுத்துடலாமா?" என்றார் மெதுவாக.

"தாராளமா," என்றார் அத்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அடப்பாவி மனுஷா," என்றார் அவர். "அதைத் திறக்கற ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பிழை கிளம்பும்யா எனக்கு." அதற்குப் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். அவரை நிறுத்துவது கஷ்டமாக இருந்தது.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அர்த்தம் மாறியிருக்குன்னு இப்போ யாராவது சொல்றீங்களா?"

யாரும் சொல்லவில்லை.

"வரிசையை எதிர்க்கிறவங்க?"

அத்தான் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்குப் புது வரிசை நிறைவேறியது. மேசைமேல் விரல்களை விரித்து வைத்தேன். பத்தும்.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் டீச்சர். "பழைய கம்பைலர் எல்லாம் 17.4-ஐப் பார்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கும். அங்க என்ன வைக்கிறது? காலண்டரா?"

"தேதியை 17.5-க்குத் தள்ளிடறேன்," என்றேன். "அங்க, 'காலி. 9.2 காண்க'ன்னு ஒரு வரி போட்டுடலாம்."

"காலின்னு போடாதே," என்றார் அத்தான். "'இடம் மாறியது'ன்னு போடு. வாடகைக்கு இருந்தது, சொந்த வீட்டுக்குப் போயிடுச்சு. அதுல என்ன காலி?"

அப்படியே போட்டேன். கமா தேவைப்படவில்லை.

கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. குறிப்பில் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் இல்லை. 'பிரிவு 9.2-இன் ஆசிரியர் தமது முதல் வரைவைக் காட்டினார்' என்று எழுதினேன். அடுத்த வரி, 'மேற்கண்டவர் ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை.' டீச்சர் அதை ஒப்புதலுக்காகச் சத்தமாகப் படித்தார். 'மேற்கண்டவர்' என்ற இடத்தில் நிறுத்தினார். அத்தானைப் பார்த்தார்.

டீ இடைவேளையில் யாரோ, "மேற்கண்டவருக்குச் சர்க்கரை வேண்டாம்," என்றார்கள்.

மாலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் இறங்கிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடி ஆச்சு?"

"பாஸ்."

"அவர்?"

"நல்லா இருக்கார். பேர்தான் மாறிடுச்சு."

"ஒன்பது ரெண்டா?"

"மேற்கண்டவர்."

கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"சரி," என்றாள் அக்கா. "வரும்போது மேற்கண்டவரைப் பால் வாங்கிட்டு வரச் சொல்லு. இதையும் இருபத்திரண்டு வருஷம் கழிச்சுச் சொல்லாதே, இப்பவே சொல்லு."

படியின் கைப்பிடிக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தேன். மேற்கண்டவர் எனக்கு ஒரு மாடி கீழே, சீட்டியடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.